மாத்தளை பெற்ற ஜனாதிபதியும் மாத்தளையைக் கேளாத கட்சிகளும்

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி மாத்தளை மாவட்ட வாக்காளர்கள் கையில் வாங்கிய வாக்குச் சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. இலங்கையில் அவ்வளவு நீளமான ஜனாதிபதித் தேர்தல் சீட்டு அதற்கு முன் அச்சானதில்லை. தம்புள்ளை, லக்கல, மாத்தளை, இரத்தோட்டை ஆகிய நான்கு தொகுதிகளிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். விரும்பியவர்கள் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு இலக்கம் இட்டார்கள். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், அந்த இரண்டாம், மூன்றாம் விருப்புகள் நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக எண்ணப்பட்டன. 42.31 வீதத்தோடு முன்னின்ற அநுர குமார திஸாநாயக்க, விருப்பு வாக்குகளும் சேர்ந்தபின் 55.89 வீதம் பெற்று ஒன்பதாவது நிறைவேற்று ஜனாதிபதியானார். அவர் பிறந்தது இதே மாவட்டத்தில், கலேவெலவுக்கு அருகே உள்ள தேவஹூவவில். குடும்பம் பின்னர் தம்புத்தேகமவுக்குக் குடிபெயர்ந்தது.

மாத்தளைக்கு அது பெருமைதான். மாத்தளை மக்கள் அதை மறைக்கவும் இல்லை. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து ஆசனங்களில் நான்கை அவருடைய தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த 39 பேரில் யார் யார் சீட்டில் இடம்பெற வேண்டும் என்று இந்த மாவட்டத்தின் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களில் எவரிடமும் எந்தக் கட்சியும் முறைப்படி கேட்கவில்லை. 2029இல் அவர் மீண்டும் போட்டியிட வேண்டுமா என்ற கேள்வி எழும்போதும் கேட்கப் போவதில்லை. கட்சியின் மேல்மட்டத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமரும் சிலர் அதை முடிவு செய்வார்கள். பிறகு ஒரு கூட்டம் நடக்கும், கைகள் உயரும், பட்டாசு வெடிக்கும். மாத்தளையில் இருப்பவர்களுக்கு அறிவித்தல் மட்டும் வந்து சேரும்.

பதவியிலிருக்கும் ஒரு ஜனாதிபதியை மீண்டும் நிறுத்துவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, கட்சிக்காகச் சுவரொட்டி ஒட்டியவருக்கும் சந்தா கட்டியவருக்கும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொதுத் தேர்தல் நாளில் கையில் கிடைக்கும் பென்சிலுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும் இந்தத் தெரிவு, பல நேரம் அந்தப் பென்சிலைவிடப் பெரிய முடிவாக இருக்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு 2014இன் இறுதியில் நடந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மஹிந்த ராஜபக்ஷ 2005இலும் 2010இலும் வென்றிருந்தார். அரசியலமைப்பின்படி அதோடு அவர் முறை முடிந்தது. 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் 161 வாக்குகளோடு நிறைவேறி அந்த இரண்டு தவணை எல்லையை அகற்றியது. 2014 நவம்பர் 20ஆம் திகதி, தவணை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கையில், மூன்றாம் முறை மக்கள் ஆணை கேட்கப் போவதாக அவர் பிரகடனம் செய்தார். நாள் குறித்ததில் சோதிடருக்கும் பங்கு இருந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஆளும் கட்சியான ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குள் இது சரியா, இவர்தான் மறுபடியும் வேண்டுமா என்று உறுப்பினர்கள் வாக்களித்துச் சொல்வதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. மாற்றுக் கருத்துள்ளவருக்கு இருந்தது ஒரே வழி, வெளியேறுவது. மறுநாள் நவம்பர் 21ஆம் திகதி கட்சியின் பொதுச் செயலாளரும் சுகாதார அமைச்சருமாக இருந்த மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வெளியே வந்து நின்றார். முந்தைய இரவு தம்மோடு ஆப்பம் சாப்பிட்டவர் என்று மஹிந்த தரப்பு ஆண்டுக்கணக்கில் சொல்லித் திரிந்தது.

2015 ஜனவரி 8ஆம் திகதி சிறிசேன 51.28 வீதத்தோடு வென்றார். வென்ற சில நாட்களில், தாம் எதிர்த்துப் போட்டியிட்ட அதே கட்சியின் தலைமையும் அவரிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் அந்தக் கட்சிக்கு நேர்ந்ததை நாடு பார்த்தது. உடைந்தது, பொதுஜன பெரமுன பிறந்தது, பழைய கை சின்னத்துக்குக் கீழே நிற்க ஆள் குறைந்துபோனது. பண்டாரநாயக்க 1951இல் தொடங்கிய ஒரு கட்சி, தன் தலைவரைப் பற்றித் தன் உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி கேட்க முடியாததால் இந்த நிலைக்கு வந்தது என்று நான் கருதுகிறேன். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014இல் உட்கட்சி வாக்கெடுப்பு நடந்திருந்தால் மஹிந்த தோற்றிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு தழுவிய தேர்தலில் தோற்றபோதும் மாத்தளை மாவட்டத்தில் அவரே முன்னின்றார். கட்சி உறுப்பினர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் அவருக்கு இன்னும் பெரிய பெரும்பான்மை கிடைத்திருக்கும். ஆனாலும் அந்த வாக்கெடுப்பில் சிறிசேன கட்சிக்குள்ளேயே நின்று பேசியிருப்பார். குடும்ப ஆதிக்கம், நீதித்துறையில் தலையீடு, வடக்கில் படைத்தரப்பின் பிடி, வாழ்க்கைச் செலவு எல்லாம் கட்சியின் சொந்த மேடையில் கேட்கப்பட்டிருக்கும். பதவியிலிருப்பவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். வெளியே போய்த்தான் பேச முடியும் என்ற நிலை வந்ததும் பேச்சு பகையாகிவிட்டது.

மற்றச் சந்தர்ப்பங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1982இல் ஜே.ஆர். ஜயவர்தன மூன்றாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, முதல் தவணையில் நான்கு ஆண்டு முடிந்ததும் தேர்தலுக்குப் போகும் வசதியைத் தமக்கு ஏற்படுத்திக்கொண்டார். எதிரே நின்றிருக்க வேண்டிய சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தது. 1999இல் சந்திரிகாவும் அதே வசதியைப் பயன்படுத்தினார். 2019இல் பதவியிலிருந்த சிறிசேன போட்டியிடவே இல்லை. 2022 ஜூலையில் பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால், அதிலும் பெருமளவு பொதுஜன பெரமுனவின் வாக்குகளால், ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கவை 2024இல் அதே பெரமுன ஏற்க மறுத்து நாமல் ராஜபக்ஷவை நிறுத்தியது. ரணில் எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 17.27 வீதம் பெற்றார். ஆக, பதவியிலிருந்தபடி கட்சியின் ஆதரவைத் தேடிய இலங்கை ஜனாதிபதிகள் அனைவருக்கும் அது கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் மூடிய அறைகளில்தான்.

ஒரேயொரு தடவை அந்த அறையின் கதவு சற்றே திறந்தது. 2019இல் ஐக்கிய தேசியக் கட்சியில் சஜித் பிரேமதாச பதுளை, மாத்தறை, குருநாகல் என்று ஊர் ஊராகப் பெருங்கூட்டம் சேர்த்து, செயற்குழுவைத் தம் பக்கம் வளைத்தார். செப்டெம்பர் 26ஆம் திகதி கட்சி அவரை வேட்பாளராக ஏற்றது. கூட்டத்தின் அளவைக் கொண்டு ஆதரவைக் காட்டும் அந்த முறையில் வாக்குப் பெட்டி கிடையாது. பஸ் பிடித்து ஆள் கொண்டுவர வசதியுள்ளவர் வெல்லும் முறை அது. ஆனாலும், மேலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த முடிவைக் கீழிருந்து அழுத்தி மாற்றலாம் என்று அது காட்டியது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஒரு முறையே இருக்கிறது. பிரைமரி எனப்படும் உட்கட்சி முதல்நிலைத் தேர்தல்களில் மாநிலம் மாநிலமாக மக்கள் வாக்களித்து, கட்சி மாநாட்டுக்குப் போகும் பேராளர்கள் யாரை ஆதரிக்க வேண்டும் என்று கட்டிவைக்கிறார்கள். பதவியிலிருக்கும் ஜனாதிபதியும் அந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். இந்த முறை அங்கே ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக்கப்பட்டார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே வீதிகளில் பொலிஸாரும் இளைஞர்களும் மோதிக்கொண்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கட்சி விதிகளைத் திருத்தியது. 1972 முதல் பிரைமரிகளே முடிவு செய்பவை ஆயின.

அதே 1968இன் மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்ததை நம் கட்சித் தலைவர்கள் படிக்க வேண்டும். பதவியிலிருந்த லிண்டன் ஜோன்சன் அங்கே தோற்கவில்லை. யூஜின் மெக்கார்த்தி என்ற செனட்டர் வியட்நாம் போரை எதிர்த்து நின்று ஏறத்தாழ 42 வீதம் பெற்றார், ஜோன்சன் 49 வீதத்தைச் சற்றுத் தாண்டினார். வெற்றிதான், ஆனால் தம் கட்சியே தம்மோடு இல்லை என்பதை ஜோன்சன் அதில் கண்டார். அம்மாத 31ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். ஒரு சிறிய மாநிலத்தில் பல்லாயிரம் பேர் இட்ட வாக்கு, ஒரு போரின் திசையைப் பற்றிய விவாதத்தையே மாற்றியது.

மற்ற நேரங்களில் பதவியிலிருப்பவர் தப்பித்துவிடுகிறார். 1976இல் ஃபோர்ட் 1,187 பேராளர் வாக்குகளோடு ரீகனின் 1,070ஐத் தாண்டினார். 1980இல் கார்ட்டர் எட்வர்ட் கென்னடியை வென்றார். 1992இல் மூத்த புஷ் பாட் புகானனை வென்றார். அந்த மூவரும் பொதுத் தேர்தலில் தோற்றார்கள் என்பதைக் காட்டி, உட்கட்சிப் போட்டி கட்சியைப் பலவீனமாக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை மறுபுறமாகப் படிக்கிறேன். அந்த மூவரின் பலவீனத்தை உட்கட்சிப் போட்டி உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை முன்கூட்டியே காட்டியது. காட்டியதை அந்தக் கட்சிகள் பார்க்கவில்லை.

அமெரிக்க முறையைக் கோயிலாக்கி வணங்க வேண்டியதில்லை. 2020இல் சில மாநிலங்களில் குடியரசுக் கட்சி தன் பிரைமரிகளையே ரத்துச் செய்து ட்ரம்பின் பாதையை எளிதாக்கியது. 2024இல் பைடன் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் வென்றார். கனமான எதிராளி எவரும் துணியவில்லை. மிச்சிகனில் காசாப் போரை முன்வைத்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் யாருக்கும் கட்டுப்படாத வாக்கைப் போட்டு எச்சரித்தார்கள். ஜூன் 27ஆம் திகதி விவாத மேடையில் அவருடைய தள்ளாமையை நாடே பார்த்தபின், ஜூலை 21ஆம் திகதி விலகினார். கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரி வாக்கும் பெறாமல் வேட்பாளரானார். வாசல் இருந்தும் அதற்குள் எவரும் நுழையத் துணியாவிட்டால் அது வெறும் சுவர்தான். பணத்தின் கொடுமை வேறு இருக்கிறது. கோடீசுவரர்களின் நிதிக் குழுக்கள் இல்லாமல் அங்கே ஒரு பிரைமரியை நினைக்கவே முடியாது. அந்த நோயை இங்கே இறக்குமதி செய்ய எவரும் விரும்பமாட்டார்கள்.

ஆனால் அங்கே நடந்த ஒன்று மாத்தளைத் தமிழருக்கு நேராகப் பொருந்துகிறது. 2020இல் ஐயோவா, நியூ ஹாம்ப்ஷயர் இரண்டிலும் பைடன் படுதோல்வி கண்டார். அவரை மீட்டது தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். பொதுத் தேர்தலில் தென் கரோலினா குடியரசுக் கட்சியின் பக்கமே சாயும் மாநிலம், கறுப்பினத்தவரின் வாக்கு அங்கே முடிவை மாற்றுவதில்லை. ஆனால் கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவு செய்யும் கட்டத்தில் அவர்களே தீர்ப்பு எழுதினார்கள். 2024இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவையே வரிசையில் முதலில் வைத்தது. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம், பெரிய தேர்தலில் பெற முடியாத பலத்தைக் கட்சியின் உள்வாசலில் பெறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மாத்தளை மாவட்டத்தில் தமிழர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோரின் வேர் தோட்டங்களில் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னாரில் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா தாண்டி நடந்து வந்து சேர்ந்த முதல் மலைநகரம் மாத்தளை. வழியில் விழுந்து இறந்தவர்களின் எண்ணிக்கை யாருக்கும் சரியாகத் தெரியாது. நகரின் முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைப்பயணத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய மலையகம் 200 நடைபவனி, அதே பாதையில் வந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. நடந்தவர்கள் காணி கேட்டார்கள், நியாயமான சம்பளம் கேட்டார்கள், சம பிரஜைகளாக நடத்தும்படி கேட்டார்கள்.

இந்த மக்களின் வாக்கு எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்பது கட்சித் தலைமைகளுக்கு மறந்துபோயிருக்கலாம். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்தே துடைத்தெறிந்தன. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் இடையே தொகை போட்டுப் பங்கிட்டது. முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982இல் நடந்தபோதும் பெருந்தொகையானோருக்கு வாக்கில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் கதவு திறக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற அந்த வாக்கை இன்று எப்படிக் கையாளுகிறோம்?

ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் தொழிற்சங்கத் தலைமைகள் கொழும்பில் கூடுகின்றன. இன்னாரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கின்றன. 2024இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலின் பக்கம் நின்றது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தின் பக்கம் நின்றது. அந்த ஆண்டு மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் நாட்சம்பளத்தைப் பதவியிலிருந்த ஜனாதிபதியே அறிவித்தார், தேர்தலுக்கு ஐந்து மாதங்கள்கூட இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளி மாதாமாதம் சம்பளத்திலிருந்து சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார். கட்சியும் சங்கமும் ஒன்றாக இருக்கும் இடத்தில், அந்தச் சந்தாவே கட்சியின் உயிர். ஆனால் யாரை ஆதரிப்பது என்று எல்கடுவயிலோ இரத்தோட்டையிலோ உள்ள ஒரு தோட்டக் கமிட்டியில் வாக்கெடுப்பு நடந்ததாக எனக்குத் தெரியாது. தலைவர் வருவார், பேசுவார், சின்னத்தைச் சொல்வார். மக்களோ பல நேரம் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள். 2024 நவம்பரில் மலையகம் முழுவதும் தோட்ட மக்கள் பெருந்தொகையாகத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்களித்தபோது, தலைமைகள் எவ்வளவு தூரம் பின்தங்கிவிட்டன என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

மாத்தளைக்கு இன்னொரு விசேடம் உண்டு. இங்குள்ள தோட்டங்கள் பல அரசு நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. இவ்வகைத் தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி நிலுவை நெடுங்காலப் பிரச்சினை. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். தனியார் கம்பனியின் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி வேறு, ஆட்சியாளர் வேறு. அரசுத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு ஆட்சியாளரே முதலாளி. யார் ஜனாதிபதி என்பது அவருக்குச் சேமலாப நிதியும் லயன் கூரையும் சம்பந்தப்பட்ட விஷயம். பதவியிலிருப்பவர் மறுபடியும் வர வேண்டுமா என்று முதலில் கேட்கப்பட வேண்டியவர் அவர். நமது ஏற்பாட்டில் அவர் கேட்கப்படுவதே இல்லை.

ஆளும் கட்சியின் பக்கம் வருவோம். தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி. அதன் மூடிய கட்டமைப்புக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது, அதை மாத்தளை நன்றாகவே அறியும். 1971, பின்னர் 1987 முதல் 1989 வரை, இரண்டு கிளர்ச்சிகள், இரண்டு அடக்குமுறைகள். தலைமறைவாக இயங்கிய கட்சியில் திறந்த விவாதம் உயிருக்கு ஆபத்தாக இருந்தது. 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் மனித எச்சங்கள் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பதில் முரண்பட்ட அறிக்கைகள் வந்தன. ஆனால் 1989இல் பிள்ளைகளை இழந்த தாய்மார் அந்தக் குழியருகே வந்து நின்று அழுததை நாடு பார்த்தது. அப்படிப்பட்ட காலத்தைக் கடந்துவந்த கட்சி, மத்திய குழுவை இறுக்கமாக வைத்திருந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. 2014 பெப்ரவரியில் அநுர குமார தலைவரானது, 2019இல் 3.16 வீதம் பெற்றது, ஐந்தே ஆண்டில் 42 வீதத்துக்கு வந்தது எல்லாம் அந்தக் கட்டுப்பாட்டின் பலன் என்று அவர்கள் வாதிடலாம். இருக்கலாம். ஆனால் இன்று அவர்கள் தலைமறைவில் இல்லை. பாராளுமன்றத்தில் 159 ஆசனம் வைத்திருக்கிறார்கள். 56 இலட்சம் பேர் முதல் விருப்பை இட்டு நம்பிய ஒரு கட்சி, அந்த 56 இலட்சம் பேரின் ஒரு பகுதியையாவது உள்ளே அழைத்து, அடுத்த வேட்பாளர் யார் என்று கேட்க அஞ்ச வேண்டியதில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிக்கப் போகிறோம், பிறகெதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். தேசிய மக்கள் சக்தி அந்த வாக்குறுதியை எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் இதே வாக்குறுதியின் வரலாறு நீண்டது. 1994இல் சந்திரிகா 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாக உறுதி கூறியதை நம்பி, மக்கள் விடுதலை முன்னணியே தன் வேட்பாளரைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டது. 2005இலும் 2015இலும் அதே வாக்குறுதி மேடையேறியது. இம்முறையாவது நிறைவேறினால் நான் மகிழ்வேன். நிறைவேறினாலும் கேள்வி போய்விடாது. மாத்தளை மாவட்டத்தின் பாராளுமன்ற வேட்பாளர் பட்டியலில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் இருக்க வேண்டுமா என்பதையும் அதே மூடிய அறைதான் இன்று முடிவு செய்கிறது. உட்கட்சி வாக்கு வந்தால் இரண்டுக்கும் சேர்த்து வரட்டும்.

எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் தங்கள் யாப்பைத் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த யாப்பில், ஜனாதிபதி வேட்பாளரை உறுப்பினர்களின் இரகசிய வாக்கால் தெரிவு செய்யும் விதி இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சேர்ப்பது கடினமான வேலையல்ல. ஆர்ஜென்டீனா 2009இல் சட்டம் போட்டுக் கட்சிகள் அனைத்தையும் ஒரே நாளில் முதல்நிலைத் தேர்தல் நடத்த வைத்தது. 2025இல் செலவைக் காரணம் காட்டி அதை இடைநிறுத்தவும் செய்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்குத் தேவையில்லை. 22 தேர்தல் மாவட்டங்களிலும் கட்சியின் பதிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள், ஆணைக்குழுவின் கண்காணிப்பில் வாக்களிக்கட்டும். விருப்பு வாக்கு முறை நமக்குப் பழக்கமானது, அதையே பயன்படுத்தலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நிலையான நிறை கொடுத்தால், கம்பஹாவும் கொழும்பும் மட்டுமே முடிவு செய்யும் ஆபத்து குறையும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று செலவுக்கு எல்லை வகுத்தார்கள். உட்கட்சித் தேர்தலுக்கு அதைவிடக் கடுமையான எல்லை வைக்க வேண்டும்.

ஒரு எதிர்வாதத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். பெரிய கட்சிகளின் உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையினர் சிங்களவர். அவர்கள் மட்டும் வாக்களித்தால், தமிழர், முஸ்லிம்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுபவரே வெல்லமாட்டாரா? அமெரிக்காவிலும் பிரைமரி வாக்காளர்கள் தீவிரப் போக்கின் பக்கம் சாய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. இது உண்மையான ஆபத்து. ஆனால் மூடிய அறை அந்த ஆபத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறதா? 2019 ஆகஸ்டில் கோட்டாபய ராஜபக்ஷவை வேட்பாளராக அறிவித்தது எந்த உறுப்பினர் வாக்கெடுப்பும் அல்ல. ஆக, இனவாதம் மேசையைச் சுற்றியும் அமரும். உறுப்பினர் வாக்கெடுப்பிலாவது நுவரெலியாவும் மாத்தளையும் பதுளையும் முதல் வரிசையில் வாக்களிக்க ஏற்பாடு செய்யலாம். வேட்பாளராக விரும்புபவர் இரத்தோட்டையின் ஒரு தோட்டத்தில் வந்து நின்று, காணியுரிமை பற்றியும் சேமலாப நிதி பற்றியும் பதில் சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்குப் போக முடியும். 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி வெளியிட்ட ஹட்டன் பிரகடனம் மலையக மக்களுக்கு வீடும் காணியும் கண்ணியமும் தருவதாகச் சொல்கிறது. அதில் எவ்வளவு நடந்தது என்று 2029க்கு முன்பே, கட்சியின் உள்ளேயே, பதவியிலிருப்பவரின் முகத்துக்கு நேரே கேட்கும் நாள் அதுவாக இருக்கும்.

சட்டம் வர நாளாகும். கட்சிகள் இழுத்தடிக்கும். ஆனால் மலையகத் தொழிற்சங்கங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. அவர்களிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு டிவிசனிலும் கமிட்டி இருக்கிறது, தோட்டத் தலைவர் இருக்கிறார், பெண்கள் அணி இருக்கிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் யாரை ஆதரிப்பது என்ற முடிவைக் கொழும்பில் எடுப்பதற்கு முன், ஒரு சம்பள நாளன்று மஸ்டர் நடக்கும் இடத்தில் பெட்டி வைத்து, பெயர் எழுதாத துண்டுகளில் வாக்குப் பெறலாம். பேராளர்களின் கையுயர்த்தலை இதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. எண்ணிக்கையைத் தோட்டம் தோட்டமாக அறிவித்தால், எந்த வேட்பாளரோடு பேரம் பேசப் போனாலும் தலைவர்களின் கையில் உண்மையான பலம் இருக்கும். மாத்தளை மாவட்டச் சங்கக் கிளைகள் இதை முதலில் செய்து காட்டலாம். அதற்கு வேண்டிய செலவு சில கட்டுக் காகிதமும் ஒரு பகல் பொழுதும்.